ரோவர்டென்னன் முதல் இன்வரார்னன் வரை: லாக் லோமண்ட் ஏரிக்கரையில் ஒரு முழுநாள் நடை

கிளாஸ்கோவுக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகள் முதல் கோடையிலேயே கேட்டுவிடுவார்கள்: "அண்ணா, ஒரே நாளில் போய்வர நல்ல நடை ஏதாவது இருக்கிறதா?" பென் லோமண்ட் மலையைத்தான் பலரும் சொல்வார்கள். 974 மீட்டர் உயரம். ஏறி, அதே வழியில் இறங்கி, வண்டியை நிறுத்திய இடத்துக்கே வந்துவிடலாம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என்னைக் கேட்டால், அந்த மலையின் காலடியில் ஏரியை ஒட்டி வடக்கே போகும் பாதையைத்தான் காட்டுவேன். ரோவர்டென்னனில் தொடங்கி இன்வரார்னனில் முடியும் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். காடும் கரையுமாக நாள் முழுக்க நடக்கலாம். தொடங்கிய இடம் ஒன்று, முடியும் இடம் வேறு. இதன் அழகும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

வெஸ்ட் ஹைலண்ட் வே என்ற நெடும்பாதையின் ஒரு துண்டு இது. கிளாஸ்கோவின் வடக்கு ஓரத்தில் உள்ள மில்கையில் தொடங்கி ஃபோர்ட் வில்லியம் வரை 154 கிலோமீட்டர் போகும் அந்தப் பாதை 1980இல் திறக்கப்பட்டது. (மில்கையின் ஆங்கில எழுத்துகளை, Milngavie, கூட்டிப் படித்தால் அந்த ஊரை எந்த ரயிலும் சென்றடையாது. உச்சரிப்பை மட்டும் நம்புங்கள்.) முழுதும் நடக்கிறவர்கள் ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் எந்த நாள் கடினம் என்று கேட்டுப் பாருங்கள். மலைகளும் கணவாய்களும் நிறைந்த வடக்குப் பகுதியை விட்டுவிட்டு, பெரும்பாலோர் இந்த ஏரிக்கரை நாளையே சொல்வார்கள். கரையோரம் என்றதும் மெரினாவில் நடப்பதுபோல் நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கடைசி பஸ்ஸைப் பாருங்கள்

திட்டத்தைப் பின்னாலிருந்து போட வேண்டும். இன்வரார்னன் ஊர் என்று சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை. ஒரு பழைய விடுதி, ஆற்றுக்கு அப்பால் ஒரு கூடார முகாம், நடுவே ஏ82 நெடுஞ்சாலை, அவ்வளவுதான். கிளாஸ்கோவுக்குப் போகும் நெடுந்தூர பஸ்கள் அங்கே நிற்கும். ஆனால் ஒரு நாளில் வருகிற பஸ்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நீங்கள் போகும் நாளில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து டிக்கெட் எடுத்துவிடுங்கள். வாரநாள், ஞாயிறு, கோடை, குளிர்காலம் என்று நேரம் மாறிக்கொண்டே இருக்கும். போன வருடம் நண்பர் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

பஸ் நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தைக் கழியுங்கள். அதுதான் நீங்கள் நடையை முடிக்க வேண்டிய நேரம். அதிலிருந்து எட்டரை மணி நேரம் பின்னால் வாருங்கள். அதுதான் கிளம்ப வேண்டிய நேரம். பழக்கப்பட்டவர்கள் ஆறரை மணி நேரத்தில் முடிப்பார்கள். முதல்முறை போகிறவர் அந்தக் கணக்கை நம்பக் கூடாது. நான் நம்பினேன். பாதி வழியில் உள்ள இன்வர்ஸ்னெயிட்டில் வெயில் காய்ந்தபடி இரண்டாவது தேநீர் குடித்தேன். இன்வரார்னனில் கடைசி பஸ்ஸின் பின்விளக்கைப் பார்த்தேன். அன்றிரவு தங்கக் கொடுத்த பணத்தில் நல்ல மழைச்சட்டை ஒன்று வாங்கியிருக்கலாம்.

எதிர்த்திசையில், வடக்கிலிருந்து தெற்கே நடந்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கடினமான பகுதி காலையிலேயே முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் ரோவர்டென்னனில் சாலையே முடிந்துபோகிறது. பஸ் கிடையாது. மாலையில் படகும் போய்விட்டால் அடுத்த சிற்றூரான பால்மஹாவுக்கு இன்னும் பதினொரு கிலோமீட்டர் இருக்கிறது. ஆகவே வடக்கு நோக்கியே நடங்கள்.

ரோவர்டென்னனுக்குப் போவது எப்படி

ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது ரோவர்டென்னன். ரயிலும் நெடுஞ்சாலையும் மேற்குக் கரையில். இடையில் தண்ணீர். கார் இருந்தால் எளிது என்று தோன்றும்; இந்த நடைக்குக் கார்தான் பெரிய தொல்லை. மாலையில் நீங்கள் ஏரியின் வடமுனையில் நிற்பீர்கள், கார் கிழக்குக் கரையில் நிற்கும். அதை எடுக்க, ஏரியின் தென்முனை வரை கீழே இறங்கிச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே வர வேண்டும். யாராவது கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினால் நல்லது. அப்படிப்பட்ட அண்ணனோ அக்காவோ எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

வண்டி இல்லாதவர்களுக்கு இரண்டு வழிகள். கோடையில் கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயிலிலோ, பஸ்ஸிலோ மேற்குக் கரையின் டார்பெட்டுக்குப் போய், அங்கிருந்து படகில் ரோவர்டென்னனில் இறங்கலாம். ரயில் நிலையத்தின் பெயர் ஆரோகர் அண்ட் டார்பெட். அங்கிருந்து படகுத்துறைக்கு இருபது நிமிட நடை வைத்துக்கொள்ளுங்கள். படகுக்கு முன்பதிவு அவசியம். குறை ஒன்றுதான்: கரை இறங்கும்போதே முற்பகல் ஆகிவிடும், நாளில் பாதிக் கையிருப்பு செலவாகியிருக்கும்.

நான் சொல்வது இரண்டாவது வழி. முந்தின நாளே போய் ரோவர்டென்னனில் இரவு தங்குங்கள். ஏரியைப் பார்த்தபடி ஓர் இளைஞர் விடுதி இருக்கிறது, ஒரு ஹோட்டலும் இருக்கிறது. விடுதியில் பொதுச் சமையலறை உண்டு. மறுநாளுக்கான சோற்றை அங்கேயே கிளறிக்கொள்ளலாம். கூடாரம் போடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்காட்லாந்தில் எங்கும் நடக்கவும் கூடாரம் போடவும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. நடக்க யாருக்கும் காசு கட்ட வேண்டாம். ஆனால் இந்த ஏரிக்கரையின் பெரும்பகுதியில் மார்ச் முதல் செப்டம்பர் முடிய அனுமதிச்சீட்டு இல்லாமல் கூடாரம் போடக் கூடாது. தேசியப் பூங்காவின் இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எப்போது போகலாம்

மே மாதம். யோசிக்கவே வேண்டாம். ஓக் மரங்கள் அப்போதுதான் துளிர்விட்டிருக்கும், காட்டுத்தரை முழுக்க புளூபெல் பூக்கள் நீலம் விரித்திருக்கும், பகல் இரவு ஒன்பது மணியைத் தாண்டியும் நீளும். ஏப்ரல் கடைசியும் செப்டம்பரின் பின்பாதியும் அடுத்தபடி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மிட்ஜ் பூச்சிகளின் ஆட்சி. மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் இருக்கும், கடித்தால் நம் ஊர்க் கொசு பரவாயில்லை என்று தோன்றும். காற்று வீசினாலோ நல்ல வெயில் அடித்தாலோ காணாமல் போகும். நீங்கள் நின்றால் வரும், நடந்தால் பின்தங்கிவிடும். அந்த மாதங்களில் போவதானால் தலையை மூடும் வலை ஒன்றும் பூச்சிவிரட்டித் தைலமும் இல்லாமல் போகாதீர்கள்.

குளிர்காலத்தில் வேண்டாம். டிசம்பரில் பகலே ஏழு மணி நேரம்தான். படகுகளும் பெரும்பாலும் ஓடாது.

முதுகுப்பையில் என்ன

ஜீன்ஸ் போடாதீர்கள். இதைப் படித்துவிட்டு, தலையாட்டிவிட்டு, மறுநாள் ஜீன்ஸோடு வந்த தம்பி ஒருவர் உண்டு. பத்து மணிக்கு நனைந்த அந்தக் கால்சட்டை மாலை ஆறு மணிவரை காயவில்லை. ஈரச் சாக்கைக் காலில் கட்டிக்கொண்டு நடந்ததுபோல் நடந்தார். இங்கே மழை எப்போது வரும் என்று கேட்பதைவிட எத்தனை முறை வரும் என்று கேட்பதுதான் பொருத்தம். சீக்கிரம் காயும் செயற்கை இழைக் கால்சட்டை, நீர் புகாத மழைச்சட்டை, அதேபோல் மேலே மாட்டிக்கொள்ளும் கால்சட்டை, ஒரு ஃபிளீஸ், ஒரு கம்பளித் தொப்பி. ஜூன் மாதமானாலும் இவை வேண்டும். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு அதன்பிறகு முதுகுப்பையில் வையுங்கள். முதுகுப்பைக்கு உறை போட்டால் போதும் என்பது விற்கிறவர்கள் சொல்வது.

காலணிதான் முக்கியம். கணுக்காலைப் பிடிக்கும், அடியில் ஆழமான பல் உள்ள பூட்ஸ். வாங்கிய மறுநாளே இதற்குப் போட்டுக்கொண்டு வராமல், இரண்டு வாரம் ஊருக்குள் போட்டு நடந்து பழக்குங்கள். மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி.

சாப்பாட்டில் நாம் கொடுத்துவைத்தவர்கள். இங்குள்ளவர்கள் சாண்ட்விச்சைப் பிழிந்து சாப்பிடும்போது நாம் புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். இந்தக் குளிரில் அது இரண்டு நாள்கூடத் தாங்கும். நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறியதாக இருந்தால் ஆறிய பிறகும் இறுகாது. தயிர்சாதம் வேண்டாம் என்பேன். பத்து டிகிரியில் அதை வாயில் வைப்பதற்குத் தனி மனவுறுதி வேண்டும். கடலை மிட்டாய், பேரீச்சை, முறுக்கு ஆகியவற்றைப் பையின் வெளிப்பக்கத்தில் வையுங்கள், நடந்துகொண்டே கொறிக்கலாம். தண்ணீர் இரண்டு லிட்டர். வழியெல்லாம் ஓடைகள் உண்டு; வடிகட்டியோ மாத்திரையோ இல்லாமல் குடிக்காதீர்கள், மேலே ஆடுகள் மேய்கின்றன.

மீதி: தலைவிளக்கு, சிறு முதலுதவிப் பெட்டி, விசில், உண்ணி பிடுங்கும் கருவி, முழுதும் மின்னேற்றிய கைப்பேசி, கூடவே ஒரு பவர் பேங்க். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் தாள் வரைபடம் ஒன்றும் இருக்கட்டும். கைப்பேசி வரைபடத்தை நம்புபவர்கள் அதை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், ஏரியின் இந்தக் கரையில் சிக்னல் வரும் போகும். கிளம்பும் முன் இன்னொரு வேலை: 999 எண்ணுக்கு ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பதிந்துகொள்ளுங்கள். பேச முடியாத அளவுக்கு சிக்னல் மெலிந்த இடத்திலும் குறுஞ்செய்தி சில சமயம் போய்ச்சேரும். ஆபத்து என்றால் 999இல் முதலில் போலீஸைக் கேட்டு, பிறகு மலைமீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் இந்தப் பாதைக்கு வர முடியாது.

முதல் பாதி: கால் நீட்டி நடக்கலாம்

ரோவர்டென்னன் படகுத்துறையில் ஏரியை இடப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க அது இடப்பக்கமே இருக்கும். வலப்பக்கம் தண்ணீர் தெரிந்தால் திரும்பி நடக்கிறீர்கள் என்று பொருள். அறுகோணத்துக்குள் வெள்ளை நிற முட்பூ வரைந்த கம்பங்கள் வழிகாட்டும். சற்று தூரத்தில், உலகப்போரில் இறந்தவர்களின் நினைவாக வைத்த கல்வளையம் ஒன்று வரும். அதற்குள்ளே ஏரியைச் சட்டமிட்டுப் படம் எடுக்காதவர் இல்லை. எடுத்துக்கொண்டு நகருங்கள்.

இளைஞர் விடுதியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். கீழ்ப்பாதை கரையை ஒட்டி ஏறி இறங்கி, வேர்களுக்கும் பாறைகளுக்கும் இடையே போகும். மேல்பாதை வனத்துறை வண்டிகள் போகும் அகலமான தடம். இரண்டும் பின்னால் சேர்ந்துவிடும். வழிகாட்டிப் புத்தகங்கள் கீழ்ப்பாதையைத்தான் அழகு என்று புகழும். அழகுதான். ஆனால் புதியவர்கள் மேல்பாதையில் போங்கள் என்பதே என் கட்சி. கீழ்ப்பாதையில் காணும் அத்தனையும் மாலையில் இதைவிட அதிகமாகவே உங்களுக்குக் கிடைக்கப்போகிறது. முழங்காலை அதற்காகச் சேமித்துவையுங்கள்.

இந்த முதல் பகுதி இன்வர்ஸ்னெயிட் வரை பதினொன்றரை கிலோமீட்டர். மூன்றரை மணி நேரம் போதும். மேல்தடத்தில் மரங்கள் விலகும் இடங்களில் எதிர்க்கரை மலைகள் தெரியும். இரண்டு பாதைகளும் சேர்ந்த பிறகு கெயில்னெஸ் என்ற இடத்தில் ஓடைப்பாலம் ஒன்றைக் கடப்பீர்கள். அதன்பிறகு கரையோரக் காடு தொடங்கும்.

இந்தக் காட்டை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஓக் மரங்கள் பல ஒற்றை அடிமரமாக இல்லாமல், ஒரே தூரிலிருந்து நான்கைந்தாகக் கிளம்பியிருக்கும். கரும்பில் மறுதாம்பு விடுவதுபோல், வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்க்கவிட்டு வளர்த்த மரங்கள் அவை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கே காடு என்பது பயிர். முறைவைத்து வெட்டுவார்கள். பட்டை தோல் பதனிடப் போகும், நம் பக்கத்தில் ஆவாரம்பட்டை போனதுபோல. கட்டை கரியாகும். சரிவில் ஆங்காங்கே காரணமில்லாமல் சமதளமாக ஒரு சிறு மேடை தெரிந்தால், அது கரி மூட்டம் போட்ட இடமாக இருக்கலாம். இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலக் காட்டில் மூட்டம் பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். இப்போது யாரும் வெட்டுவதில்லை. தண்டெல்லாம் பாசியும் பெரணியும் மூடி, மழை நின்று வெகுநேரம் கழித்தும் சொட்டிக்கொண்டே இருக்கும்.

இன்வர்ஸ்னெயிட்: இங்கே முடிவெடுங்கள்

தண்ணீர் இரையும் சத்தம் முதலில் வரும். அருவிக்கு மேலே நடைபாலத்தைக் கடந்து படியிறங்கினால் ஏரியை ஒட்டிப் பெரிய ஹோட்டல். உட்காருங்கள், சாப்பிடுங்கள், ஈரக் காலுறையை மாற்றுங்கள். ஹோட்டலுக்குள் போவதானால் சேறு படிந்த பூட்ஸை வாசலில் கழற்றுவது மரியாதை. பருவம் இல்லாத மாதங்களில் ஹோட்டல் மூடியிருக்கலாம். சாப்பாட்டை அதை நம்பி விடாதீர்கள். எதிர்க்கரையில் மலைமேலிருந்து நான்கு பெரிய குழாய்கள் இறங்குகின்றனவே, அது 1950இல் திறக்கப்பட்ட ஸ்லாய் நீர்மின் நிலையம்.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். இங்கிருந்து இன்வரார்னனுக்குப் பத்தரை கிலோமீட்டர். முதல் பாதியைவிடக் குறைவு. இந்த எண்தான் ஆளை ஏமாற்றும். முதல் பாதிக்கு மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தால் இதற்கு நான்கரை மணி நேரம் ஒதுக்குங்கள். அது உங்கள் பஸ் கணக்குக்குள் அடங்குகிறதா? அடங்கவில்லை என்றாலோ, முழங்கால் வலிக்கிறது என்றாலோ, மழை கொட்டுகிறது என்றாலோ, இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கோடையில் இங்கிருந்து டார்பெட்டுக்குப் படகு உண்டு. அதில் ஏறி, பஸ்ஸோ ரயிலோ பிடித்து வீடு போய்ச் சேருங்கள். அதன் நேரத்தையும் காலையிலேயே குறித்துவைத்திருக்க வேண்டும். நடக்கப் பழகாதவர்கள் முதல் முறை இந்தப் பாதியோடு நிறுத்துவதாகவே திட்டமிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏனென்றால் இதற்குப் பிறகு ஏறத்தாழ ஏழு கிலோமீட்டருக்கு வெளியேறும் வழியே கிடையாது. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் செங்குத்தான மலை. சாலை இல்லை, வீடு இல்லை, படகுத்துறை இல்லை. வடபகுதியில் ஏரி ஒடுங்கி ஆழமாகும். பனிப்பாறைகள் குடைந்த பள்ளம் அது. மிக ஆழமான இடத்தில் 190 மீட்டர்.

இரண்டாம் பாதி: கையும் காலும்

படகுத்துறையைத் தாண்டிப் பத்து நிமிடம் நல்ல பாதை. அதன்பிறகு பாதை என்ற சொல்லுக்குப் பொருள் மாறும். வீட்டளவு பாறைகள் மலையிலிருந்து உருண்டு வந்து தண்ணீருக்குள் கால் நனைத்து நிற்கின்றன. அவற்றுக்கு இடையிலும் மேலும் அடியிலும் புகுந்து போக வேண்டும். சில இடங்களில் மரப்படிகள், சில இடங்களில் பாலம், மற்ற இடங்களில் வேர்கள்தான் படி.

இறங்கும் முறை ஒன்று சொல்கிறேன். இடுப்பளவு உயரமுள்ள ஒரு பாறைப்படியின் விளிம்பில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஈரவேர் ஒன்று பளபளக்கிறது. புதியவர் முகத்தை முன்னால் வைத்து, அந்த வேரின் மேல் குதிகாலை வைப்பார். வழுக்கும். ஈரக் கல்லைவிட ஈர வேர் மோசம். பட்டை உரிந்து, ஆயிரம் பூட்ஸ்கள் தேய்த்து, எண்ணெய் தடவிய உலக்கைபோல் இருக்கும். நடைக்கோல்களை முதலில் கீழே போட்டுவிடுங்கள். திரும்பி, ஏணியில் இறங்குவதுபோல் முகத்தைப் பாறைப்பக்கம் வையுங்கள். இரண்டு கையும் ஒரு காலும் பிடியில் இருக்கும்போது மட்டும் மற்றக் காலை நகர்த்துங்கள். காலை வேரின் மேல் வைக்காமல் வேருக்கும் மண்ணுக்கும் நடுவிலோ சொரசொரப்பான கல்லிலோ ஊன்றுங்கள். முதல் ஐந்து முறை நேரம் பிடிக்கும். பிறகு உடம்பே செய்துகொள்ளும். பின்னால் வேகமாக வருகிறவர்கள் இருந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். அவசரப்பட்டு விழுகிறவர்கள் பெரும்பாலும் பின்னால் ஆள் நிற்கிறதே என்று கூசுகிறவர்கள்தான்.

இந்தப் பாறைக் குவியலின் ஓரிடத்தில் ராப் ராய் குகை இருக்கிறது. மாடு வளர்ப்பும் மாட்டு வணிகமும், கொஞ்சம் களவும் காவல்கூலியுமாக வாழ்ந்த மெக்ரிகர் குலத்து ராப் ராய் (1671–1734) ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் இடம். படகிலிருந்து பார்க்கிறவர்களுக்காகப் பாறையில் வெள்ளை எழுத்தில் ‘குகை’ என்று ஆங்கிலத்தில் எழுதியே வைத்துவிட்டார்கள். பாதையை விட்டு இறங்கிப் போனால் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இருட்டு இடுக்கு தெரியும். அவ்வளவுதான். அதற்காகக் கணுக்காலைப் பணயம் வைக்க வேண்டாம்.

இந்தப் பகுதியில் திடீரென்று கிடா வாடை அடித்தால் திகைக்காதீர்கள். காட்டில் தன்போக்கில் திரியும் வெள்ளாடுகள் உண்டு. பெரிய கொம்பும் நீண்ட மயிருமாகப் பாறைமேல் நின்று, நீங்கள் கைகால் ஊன்றித் தவழ்வதை அசைபோட்டபடி பார்க்கும். உணவு கொடுக்காதீர்கள்.

மணிக்கு இரண்டு கிலோமீட்டர் போனாலே இங்கே நல்ல வேகம். ஏரிக்குள் இடிந்த கோட்டையோடு ஒரு குட்டித்தீவு தெரியும்போது மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். மோசமான பகுதி முடிந்துவிட்டது. காடு விலகி, பெரணி மண்டிய திறந்த சரிவு வரும். சிறிது நேரத்தில் டூன் பாத்தி. இது நம் தோட்டத்துப் பாத்தியில்லை. மலையில் நடப்பவர்கள் யாரும் ஒதுங்கிக்கொள்ளப் பூட்டாமல் விடும் கல்வீட்டுக்கு இங்குள்ள பெயர். தண்ணீர்க் குழாய், மின்விளக்கு எதுவும் இருக்காது. மழையில் உட்கார்ந்து மீதிப் புளிசாதத்தை முடிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. காகிதத்தைக்கூட அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

டூனிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஆர்ட்லிஷ். பாதையில் கடைசி வெளியேறும் வழி இது. கரையில் ஒரு கம்பம் நிற்கும். அதில் கயிற்றால் பந்தை மேலே ஏற்றினால் எதிர்க்கரை ஆர்ட்லூயியிலிருந்து படகு வந்து கூட்டிக்கொண்டு போகும். கோடைக்காலத்தில், பகல் நேரத்தில் மட்டும். ஆர்ட்லூயியில் ரயில் நிலையமும் உண்டு. களைத்துப்போனவர்களுக்கு, அல்லது பந்தேற்றிப் படகை வரவழைக்கும் ஆசை உள்ளவர்களுக்கு நல்ல முடிவு.

மற்றவர்கள் மேலேறுங்கள். மூன்று கிலோமீட்டர் சொச்சம் மிச்சமிருக்கிறது. பாதை ஏரியை விட்டு விலகி, கரிய நிறத்தில் ஒரு சிறு குளத்தைத் தாண்டி மேட்டுக்கு வரும். அங்கே திரும்பிப் பாருங்கள். காலையிலிருந்து நடந்த ஏரி முழுக்கத் தெற்கே நீண்டு கிடக்கும். முப்பத்தாறு கிலோமீட்டர் நீள ஏரியில் நீங்கள் நடந்தது பாதிக்குச் சற்று மேல். இறக்கம் பெயின்கிளாஸ் கூடார முகாமில் கொண்டு விடும். ஃபாலக் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் நெடுஞ்சாலை.

பஸ் ஏறும்வரை நடை முடியவில்லை

ஏ82 குறுகலான, வேகமான சாலை. லாரிகள் உரசிக்கொண்டு போகும். பஸ்ஸுக்கு நேரமாகிறது, ஆர்ட்லூயி ரயிலைப் பிடித்துவிடலாம் என்று அதன் ஓரமாக நடக்கத் தொடங்கிவிடாதீர்கள். அந்த மூன்று கிலோமீட்டர் முழுநாள் நடையைவிட ஆபத்தானது. நேரம் இருந்தால் 1705 முதல் நடக்கும் பழைய விடுதிக்குள் போய் ஏதாவது சூடாகக் குடியுங்கள். மலைப்பகுதிக் கால்நடைகளைத் தெற்கே சந்தைக்கு ஓட்டிப் போனவர்கள் தங்கிய இடம். நுழைந்ததும் பாடம் செய்த கரடி ஒன்று நிற்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

நிறுத்தத்தில் பத்து நிமிடம் முன்னதாக நின்று, பஸ் தூரத்தில் தெரியும்போதே நன்றாகக் கையைக் காட்டுங்கள். மங்கிய வெளிச்சமாக இருந்தால் தலைவிளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். சேறு படிந்த மேல்கால்சட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு ஏறினால் ஓட்டுநர் முகம் மலரும்.

வீட்டுக்குப் போனதும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் குளித்துவிட்டு உடம்பு முழுக்க உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பெரணிப் புதரிலும் ஆடுமாடு திரியும் இடத்திலும் தொற்றிக்கொள்ளும். முழங்காலின் பின்புறம், இடுக்கு, அக்குள், தொப்புள், காதின் பின்னால் என்று மெல்லிய தோல் இருக்கும் இடமாகத் தேடிப்போய்க் கடிக்கும். கடுகைவிடச் சின்னதாகவும் இருக்கும். புதிதாக ஒரு மச்சம் முளைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஊரில் மாட்டுக்குச் செய்வதுபோல் எண்ணெய் ஊற்றுவது, சுண்ணாம்பு தடவுவது, நெருப்பு காட்டுவது எதுவும் வேண்டாம். பிடுங்கும் கருவியாலோ நுனி மெலிந்த இடுக்கியாலோ தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மெல்ல இழுங்கள். கொக்கிபோல் இருக்கும் கருவி என்றால் அதனுடன் வரும் குறிப்பில் சொன்னபடி செய்யுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எல்லா உண்ணியும் லைம் நோயைக் கொண்டுவருவதில்லை, ஆனால் சில கொண்டுவரும். கடித்த தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்து பரவினாலோ, ஃபுளூபோல் காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய், முதலில் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.